வினோதினியின் கடைசி இழை

முந்நூறு பேருக்கு ஆக்கின கறிச்சோறு சாப்பிட ஆளில்லாமல் ஆறிக்கொண்டிருந்தது. பந்தலுக்குள் பாய் விரித்து, இலை போட்டு, தண்ணீரும் தெளித்தாயிற்று. ஒலிபெருக்கிக்காரன் பாட்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் அணைத்தேவிட்டான். வாசலில் வினோதினி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு சந்தனக் கிண்ணத்தோடு நின்றாள். காலையிலிருந்து நிற்கிறாள். வெயில் மேற்கே சாய்ந்துவிட்டது, கிண்ணத்துச் சந்தனம் காய்ந்து வெடித்துப் போயிருந்தது.

மொய்விருந்துக்கு ஆள் வராமல் போகும் என்று ஆலங்கொல்லையில் யாரும் கனவிலும் நினைத்தது கிடையாது. வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கீரமங்கலம் வட்டாரத்தில் ஒரு குடும்பம் சில வருஷங்களுக்கு ஒருமுறை ஊரைக் கூப்பிட்டுக் கறிவிருந்து வைக்கும். வந்தவர்கள் தின்றுவிட்டு மொய் எழுதிவிட்டுப் போவார்கள். நாளை அவர்கள் விருந்து வைத்தால் இவர்கள் போய், வாங்கினதோடு கொஞ்சம் கூட்டி எழுதிவிட்டு வர வேண்டும். அதற்கு வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. எழுதாதவன் மேல் வழக்குப் போடவும் முடியாது, ஆனால் அவன் டீக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியாது. இந்தப் பணத்தில் போர் போட்டவர்கள் உண்டு, மகனைச் சிங்கப்பூருக்கு அனுப்பியவர்கள் உண்டு.

வினோதினி இருபது வருஷமாக ஊரில் ஒரு விருந்து விடாமல் மொய் எழுதியவள். எல்லாம் முல்லைப்பூப் பறித்த காசு. புருஷன் இருந்தவரைக்கும் அவன் பெயரில் எழுதினாள். பிள்ளை இல்லை என்று சொல்லி அந்த மகராசன் திருப்பூரில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்தப் போன பிறகு, தன் பெயரிலேயே எழுதினாள். இப்போதுதான் முதல்முறையாக, தன் பெயரில் பத்திரிகை அடித்து, ஊரைக் கூப்பிட்டிருந்தாள். துணை என்கிற கடன் கம்பெனிக்குக் கட்ட வேண்டியதை மொய்ப்பணத்தில் கட்டிவிடலாம் என்பது கணக்கு. பழைய வழியில் வரும் பணத்தை வைத்துப் புது வழியில் வாங்கின கடனை அடைக்கப் பார்த்தாள். இந்த வட்டாரத்துப் பொம்பளை தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

"யாரும் வரமாட்டாங்க ஆத்தா," என்றார் சமையல்காரர் பக்கிரிசாமி. கரண்டியைத் துடைத்தபடியே, முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "மொய் எழுதுனா துணையில இழை விழுந்துருமாம். நீ கட்டாட்டி எழுதுனவங்க கட்டணுமாம். ரெண்டு நாளா ஊரே இதான் பேசுது."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னா விருந்த நிறுத்தியிருப்ப. எனக்கும் வேல வேணும்ல."

கோபப்படக்கூட வினோதினிக்குத் தெம்பு இல்லை. அந்த ஆள் சொன்னதில் பொய்யும் இல்லை.

அப்போதுதான் சங்கவி வந்தாள். பூப்பறிக்கும் சேலையை மாற்றி, தலைக்குக் குளித்து, நெற்றியில் பெரிய பொட்டு வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி வந்தாள். இருவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். கஜா புயலில் பள்ளிக்கூட ஓடு பறந்த வருஷம் இருவரும் ஒன்றாகவே படிப்பை விட்டார்கள். இப்போது இருவருக்கும் வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இருவர் கொல்லைக்கும் நடுவில் இருப்பது ஒரு வரப்புத்தான்.

"என்னடி, பந்தி இவ்வளவு அமைதியா இருக்கு? எல்லாரும் மௌன விரதமா?" என்றாள் சங்கவி.

"போயிருடி. சந்தனம்கூட எடுக்காத. போயிரு."

"கறி வாசம் தெருமுனை வரைக்கும் வருது, போகச் சொல்றா பாரு." அவளே போய் ஒரு பாயில் உட்கார்ந்தாள். "பக்கிரி அண்ணே, நல்லி எலும்பாப் பாத்துப் போடுங்க. முந்நூறு பேரு நல்லியும் எனக்குத்தான் இன்னைக்கு."

காலி இலைகளுக்கு நடுவில் ஒருத்தி மட்டும் உட்கார்ந்து மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். வினோதினிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, சிரிப்பும் வந்தது. சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு சங்கவி வாசலில் இருந்த மொய்ப்பலகைப் பக்கம் போனாள். ரொக்கம் புழக்கத்திலிருந்து போய் வருஷக்கணக்கு ஆகிவிட்டது. போனைப் பலகையில் ஒற்றினால் போதும், மொய் விழுந்துவிடும்.

"வேணாண்டி சங்கவி. ஒன் காலப் புடிக்கிறேன்."

"எங்க வீட்டு விருந்துக்கு நீ எழுதுனதுடி. திருப்பி எழுதாமப் போனா நான் மனுசியா?" என்று சொல்லிவிட்டுச் சங்கவி போனை ஒற்றினாள். பலகையிலிருந்து ஒரு பெண்குரல் தேனொழுக நன்றி சொன்னது.

துணை என்கிற இந்தச் சனியன் ஊருக்குள் வந்தபோது பெண்கள்தான் முதலில் கொண்டாடினார்கள். அதையும் சொல்ல வேண்டும். அதுவரை எந்த வங்கிக்குப் போனாலும் ஒரே கேள்வி, பட்டா யார் பேரில் என்பது. வினோதினி உழுது, நட்டு, பூப்பறிக்கிற கொல்லையின் பட்டா செத்துப்போன மாமனார் பெயரில் கிடந்தது. அதற்கு வாரிசு ஐந்து பேர், அந்த ஐந்தில் இவள் இல்லை. ஆக, மண்ணில் முதுகு ஒடிந்தது இவளுக்கு, கையெழுத்துப் போடுகிற உரிமை எவனுக்கோ. சங்கவி ஒருத்திதான் ஊரில் விதிவிலக்கு. அடுத்தவர் கொல்லையில் கூலிக்குப் பூப்பறித்துச் சேர்த்த காசில் ஒரு மா நிலம் வாங்கித் தன் பெயரில் பட்டா போட்டவள். மூன்று மா சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர், அப்படிப் பார்த்தால் சின்ன நிலம்தான். ஆனால் அந்தப் பட்டாவைப் பார்க்கிறதற்கென்றே மற்றப் பெண்கள் அவள் வீட்டுக்குப் போவார்கள்.

துணை பட்டா கேட்கவில்லை. புருஷன் கையெழுத்தும் கேட்கவில்லை. அறந்தாங்கியிலிருந்து வந்த கம்பெனிப் பெண் நஸ்ரின் அன்றைக்கு வீட்டு வாசலில் உட்கார்ந்து சொன்னது வினோதினிக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"எங்க மெஷினுக்கு நெலம் வேணாம், நகை வேணாம் அக்கா. ஒங்களுக்கு ஒண்ணுன்னா யாரு ஓடி வருவாங்கன்னு அதுக்குத் தெரியும். காய்ச்சல்ல கெடந்தா யாருக்குப் போன் போடுறீங்க, யாரு கொல்லைக்கு நடந்து போறீங்க, யாருகிட்டப் பேசுறப்ப குரல் எப்படி மாறுது, எல்லாத்தையும் போனே கேட்டுக்கும். ஒருத்தர் ஒங்க மேல வச்சிருக்குற பாசத்துக்குப் பேரு இழை. எத்தனை இழையோ அத்தனை கடன்."

"பாசத்த அடகு வாங்கிக்கிறீங்களா?" என்று கேட்டாள் வினோதினி, விளையாட்டாக.

நஸ்ரின் சிரித்தாள். "அப்படியும் சொல்லலாம்."

வினோதினி கடன் வாங்கினாள். தேவை இருந்தது. முல்லை மொட்டை விடிவதற்குள் பறித்தாக வேண்டும், விரிந்த பூவை எவனும் சீந்த மாட்டான். முன்பெல்லாம் இரவில் குளிரும், மொட்டு காத்திருக்கும். இப்போது இரவும் அனலாக அடிப்பதால் மொட்டு செடியிலேயே விரிந்துவிடுகிறது. செடிக்கு மேலே குழாய் இழுத்து, இரவெல்லாம் பனி மாதிரித் தண்ணீர் தூவினால் தப்பிக்கலாம் என்றார்கள். அதற்குத்தான் வாங்கினாள். குழாய் போட்ட முதல் வருஷம் நன்றாகத்தான் போனது. அடுத்த வருஷம் காலம் தப்பின மழை பிடித்தது, அதோடு மொட்டுப்புழு விழுந்தது. செடியில் மிஞ்சினது குழாய் மட்டும்தான்.

விருந்துக்கு மறுநாள் நஸ்ரின் வந்தாள். வழக்கமாக வாசலிலேயே பேசிவிட்டுப் போகிறவள், அன்றைக்கு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். ஊதிய முகம், தூங்கியிருக்க மாட்டாள் போல. வினோதினி மிஞ்சின கறிக்குழம்பைச் சூடு பண்ணி வைத்தாள்.

"அக்கா, ஒங்க இழையெல்லாம் நேத்து அந்துபோச்சு," என்றாள் நஸ்ரின். "கூப்புட்டும் வராதவங்க ஒங்களுக்காகக் கட்ட மாட்டாங்கன்னு மெஷின் முடிவு பண்ணிருச்சு. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி."

"சங்கவியா?"

"ம். மொத்தக் கடனும் அவங்க பக்கம் சாஞ்சிருச்சு. தைக்குள்ள கட்டலேன்னா அவங்க நெலம் போயிரும்."

வினோதினி கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. "அவ எங்கயும் கையெழுத்துப் போடலயே தாயி. மொய்தான எழுதுனா."

"மண்டியில பூக்காசு தொணை வழியாத்தான் வருது. அதுல சேரும்போது எல்லாரும் சம்மதம்னு அமுக்கியிருக்கீங்க. அவங்களும் அமுக்கியிருக்காங்க. மொய் எழுதாட்டியும் அந்த இழை இருந்திருக்கும் அக்கா. எழுதுனதால இன்னும் தடிச்சிருச்சு, அவ்வளவுதான்."

"என் கொல்லைய எடுத்துக்கச் சொல்லு."

"அது ஒங்க கொல்லை இல்லையே."

உண்மைதான். அத்தனை பெண்களில் நிலத்தைப் பறிகொடுக்கக்கூடியவள் சங்கவி ஒருத்திதான், ஏனென்றால் நிலம் இருந்ததே அவள் ஒருத்திக்குத்தான். யாருக்கும் இல்லாத பாக்கியம் அவளுக்குக் கிடைத்ததென்று ஊரே பேசியது. அந்தப் பாக்கியமே இப்போது தலைக்கு வந்து நின்றது.

"இதுக்கு வழியே இல்லையா?"

நஸ்ரின் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. "அவங்க இழையும் அந்துட்டா வழி உண்டு. சண்ட போட்டுக்கணும். ஆனா நடிச்சா ஆகாது. மேலத்தெரு அக்கா தங்கச்சி கதைய நீங்களும் கேட்டிருப்பீங்க."

கேட்டிருந்தாள். அக்காவும் தங்கையும் குழாயடியில் ஒருத்தி கொண்டையை ஒருத்தி பிடித்து உருண்டார்கள், ஊரே கூடி விலக்கிவிட்டது. அன்றைக்கே அடுப்படியில் ஒரே தட்டில் சோறு தின்றார்கள். மறுநாள் இரண்டு பேர் போனுக்கும் செய்தி வந்துவிட்டது, இழை உறுதி என்று. பக்கத்து வீட்டைக்கூட ஏமாற்றிவிடலாம், இந்த மெஷினை முடியாது.

"அப்ப நெசமாவே அவ என்னை வெறுக்கணும்."

"ஆமா. அவங்களுக்கு விசயம் தெரியக்கூடாது. தெரிஞ்சா வெறுக்க மாட்டாங்க." நஸ்ரின் தலையைக் குனிந்துகொண்டாள். "இத நான் ஒங்ககிட்டச் சொல்லவே கூடாதுக்கா. எங்க உம்மாவ என் இழையில கட்டி வச்சிருக்கு இந்தக் கம்பெனி. நான் வேலைய விட்டா உம்மா தலையில விழும். அதான் ஊர் ஊரா வந்து ஒங்க பாவத்தையெல்லாம் வாங்கிக்கிட்டுப் போறேன்."

சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள் அந்தப் பெண்.

வினோதினி யோசித்தாள். சங்கவியை என்ன சொன்னால் நிஜமாக வெறுப்பாள்? திருடி என்றால் சிரிப்பாள். நடத்தை கெட்டவள் என்றால், "ஆமாண்டி, ஒன் புருசனத்தான் வச்சிருந்தேன், அதான் திருப்பூருக்கு ஓடிட்டான்" என்று பதில் சொல்லுவாள். அவளுக்கு எதுவுமே உறைக்காது. உறைக்கிற விஷயம் ஒன்றே ஒன்றுதான் உண்டு.

தனியாளாகப் பிழைத்த சங்கவிக்கு ஒரே மகள் இருந்தாள், யாழினி. வினோதினியைச் சின்னம்மா என்று கூப்பிட்டபடி இரண்டு வீட்டுக்கும் ஓடித் திரிந்த குழந்தை. நாலு வயதில் பண்ணைக்குட்டையில் விழுந்து செத்துப்போனாள். சங்கவி அப்போது பக்கத்திலேயே முல்லை பறித்துக்கொண்டிருந்தாள், சத்தமே கேட்கவில்லை என்று ஊரில் சொன்னாள். ஊரும் நம்பியது. வருஷங்கள் கழித்து, ஒருநாள் களைவெட்டிக்கொண்டிருந்தபோது, சங்கவி மண்ணைப் பார்த்தபடியே வினோதினியிடம் சொன்னாள், "புள்ள கூப்புட்டது கேட்டுச்சுடி. மண்டிக்கு நேரமாச்சு, பை நெறையட்டும், போவோம்னு இருந்துட்டேன்." அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை. வினோதினியும் கேட்டதில்லை.

மூன்று நாள் வினோதினி கொல்லைப் பக்கமே போகவில்லை. சங்கவி வரப்பில் நின்று கூப்பிட்டாள், காய்ச்சலா என்று கேட்டாள், ரசம் வைத்துக் கொண்டுவந்து கதவடியில் வைத்துவிட்டுப் போனாள். அந்த ரசத்தைக் குடித்துவிட்டுத்தான் வினோதினி மனசைக் கல்லாக்கிக்கொண்டாள். இவளிடமிருந்து நிலம் போகக்கூடாது. தன்னை விட்டு இவள் போனாலும் பரவாயில்லை.

பூக்கமிஷன் மண்டியில் காலை வேளையில் நிற்க இடமிருக்காது. எடை போடுகிறவர்கள், கட்டுகிறவர்கள், வண்டிக்காரர்கள் என்று ஒரே இரைச்சல். சங்கவி தன் பூப்பையைத் தராசுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். வினோதினியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"வந்துட்டியா? ஒடம்பு எப்படிடி இருக்கு?"

"தள்ளி நில்லு," என்றாள் வினோதினி. "ஒன் கை பட்ட பூவுக்குப் பக்கத்துல என் பூவ வைக்க மாட்டேன்."

"என்னடி ஒளர்ற?"

"பெத்த புள்ளய முழுங்குன கை அது. கூப்புட்டது ஒன் காதுல விழுந்துச்சுல்ல? அம்மா அம்மான்னு கூப்புட்டுச்சுல்ல அந்தப் புள்ள? பை நெறையட்டும்னு நின்னவதான நீ? காசு முக்கியம்னு நின்னவதான? அந்தக் காசுலதான நெலம் வாங்குன?"

மண்டியில் இரைச்சல் நின்றுவிட்டது. தராசுக்காரர் கையில் படிக்கல்லோடு அப்படியே நின்றார்.

சங்கவி கத்துவாள், பாய்ந்து வந்து அடிப்பாள் என்று வினோதினி எதிர்பார்த்திருந்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"ஒங்கிட்ட மட்டுந்தானடி சொன்னேன்," என்றாள்.

பூவை எடை போடாமல், பையையும் எடுக்காமல் நடந்து போய்விட்டாள். பெண்கள் வினோதினியைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டாம். ஒருத்தி காறித் துப்பினாள். வினோதினி துடைத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள். போனுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று அதைக் குதிருக்குள் போட்டு மூடி வைத்திருந்தாள்.

கார்த்திகை கடைசியில் நஸ்ரின் வந்து சொன்னாள், "அந்துருச்சு அக்கா. சங்கவி அக்கா தப்பிச்சுட்டாங்க."

"நெலம்?"

"பத்திரமா இருக்கு. இனிமே ஒங்க கடனுக்கும் அவங்களுக்கும் சம்பந்தமில்ல."

"என் மேல அவளுக்கு ஒண்ணுமே மிச்சமில்லையா? கொஞ்சங்கூடவா?" தான் கேட்டது தனக்கே கேவலமாக இருந்தது வினோதினிக்கு. இதற்குத்தானே இத்தனையும் செய்தாள்.

நஸ்ரின் போன் திரையை இவள் பார்க்காமல் திருப்பி வைத்துக்கொண்டாள்.

இழை இல்லாதவர்களைக் கம்பெனி சும்மா விடுவதில்லை. அறந்தாங்கி சாலையில் கம்பெனிக்கு ஒரு கண்ணாடிக் கூடம் இருக்கிறது. வெளியே அனல் அடித்தாலும் உள்ளே மார்கழிக் குளிர். வருஷம் முழுக்க முல்லை மொட்டு விடுகிறது, விரியச் சொன்னால்தான் விரிகிறது. ஆலங்கொல்லைப் பூவின் விலையை அடித்துக் கீழே போட்டதே அந்தக் கூடம்தான். அங்கே கூலிக்குப் பூப்பறித்துக் கடனைக் கழிக்க வேண்டும். வினோதினி தகரக் கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு பெண்களோடு தங்கினாள். எல்லாருமே யாருமில்லாதவர்கள். சிலர் உண்மையிலேயே யாருமில்லாதவர்கள், சிலர் வினோதினி மாதிரி தாங்களாகவே அறுத்துக்கொண்டவர்கள். அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்வதில்லை. குளிரில் விரல் மரத்துப்போகும், பூ வாசம் குமட்டும்.

தைக்குப் பிறகு ஒரு மாசம் கூலியில் பாதி வரவில்லை. கடனுக்குக் கழிப்பது போக, இன்னொரு தொகையும் போயிருந்தது. மேஸ்திரியைக் கேட்டாள், அவருக்குத் தெரியவில்லை. நஸ்ரின் மாசக் கணக்குப் பார்க்க வந்த அன்று அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"இது என்ன புதுசா?"

நஸ்ரின் போனைப் பார்த்தாள். பிறகு வினோதினியைக் கூட்டிக்கொண்டு கூடத்துக்கு வெளியே, வேப்பமர நிழலுக்குப் போனாள்.

"சங்கவி அக்கா கடன்," என்றாள்.

"அவளுக்கு ஏது கடன்? என் கடன்தான் அவளுக்கு இல்லன்னு சொன்னியே?"

"அவங்களும் குழாய் போட வாங்கியிருந்தாங்களாம், நீங்க வாங்குன அதே வருசம். சேத்து வச்ச காசுன்னு ஒங்ககிட்டச் சொல்லியிருப்பாங்க. ஒழுங்காக் கட்டிக்கிட்டுத்தான் இருந்தாங்க. மண்டியில அன்னைக்கு நடந்துச்சுல்ல, அதுக்கப்புறம் அவங்க பூப்பறிக்கவே போகல. ஒரு நாளும் போகல. மொட்டெல்லாம் செடியிலயே விரிஞ்சு கொட்டிப் போச்சு. ஊர்ல யார் மொகத்துலயும் முழிக்க முடியலன்னு வந்த வெலைக்கு நெலத்த வித்துட்டுப் போயிட்டாங்க. வித்த காசும் கடனுக்குப் பத்தல."

"நெலத்த வித்துட்டாளா?"

"ம்."

"எங்க போனா?"

"அது எனக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்சாலும் சொல்ற அதிகாரமில்ல."

வினோதினி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். "அதுக்கு எங்கூலி எதுக்குப் போகுது? எங்களுக்குள்ளதான் அந்துபோச்சே?" என்று கேட்டாள்.

"அவங்க பக்கத்து இழைதான் அந்துச்சு. அவங்க ஒங்களுக்காகக் கட்ட மாட்டாங்க. ஒங்க பக்கத்து இழை அப்படியேதான் இருக்கு. அவங்களுக்காகக் கட்டுறதுக்கு யாரு இருக்கான்னு மெஷின் தேடிப் பாத்துச்சு. ஒலகத்துல நீங்க ஒருத்திதான் இருக்கீங்க."

கூடத்தின் குளிர்யந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

"பாதிக் கூலியில சாப்புட முடியாது தாயி," என்றாள் வினோதினி கடைசியில்.

"நீங்களும் அறுத்துக்கலாம். மறுபடி கேக்கச் சொல்லி நான் மனுப் போடுறேன். அவங்களப் பத்தி நீங்க மனசாரப் பேசணும். போன் கேக்கும். வெறுப்பிருந்தா அதுக்குத் தெரியும்."

வினோதினி போனை வாங்கினாள். வெறுப்புக்கு என்ன பஞ்சம் என்றுதான் நினைத்தாள்.

"சங்கவி, நீ நாசமாப் போவடி," என்று ஆரம்பித்தாள். "நான் என்னத்துக்குடி அந்தப் பாவத்தச் செஞ்சேன்? ஒன் நெலத்துக்குத்தானடி? அது போகக்கூடாதுன்னுதானடி என் நாக்குல நானே நெருப்ப வச்சுக்கிட்டேன்? எவனுக்கோ வந்த வெலைக்கு வித்துட்டுப் போனியே, ஒனக்கு அறிவிருக்கா? ஊர்க்காரி நாலு பேரு பாத்தா என்ன, துப்புனா என்ன? தொடச்சிக்கிட்டுப் பூப்பறிக்கப் போக வேண்டியதுதான? திமிரு புடிச்சவளே. எங்கடி போய்க் கெடக்குற? யாரு ஒனக்குச் சோறு போடுறா? ஒத்தையாத் தூங்க மாட்டியே நீ, பயந்து சாவியே. கண்ணுல படாத, பட்டீனா வெளக்குமாத்தாலயே அடிப்பேன்..."

மூச்சு வாங்கும் வரை திட்டினாள். தெரிந்த வசவெல்லாம் தீர்ந்து, தெரியாததையும் சேர்த்துத் திட்டினாள். கூடத்துப் பெண்கள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்கள். போனிலிருந்து அந்தத் தேன்குரல் வந்தது.

"நன்றி வினோதினி. சங்கவி மீதான உங்கள் இழை முன்பைவிட உறுதியாக உள்ளது."

நஸ்ரின் போனை அவசரமாக வாங்கி அணைத்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கும்தான் உம்மா இருக்கிறாளே.

"இது எது வரைக்கும் போகும்?" என்று கேட்டாள் வினோதினி.

"கடன் தீர்ற வரைக்கும். இல்லேன்னா..." நஸ்ரின் தயங்கினாள். "அவங்க மௌத்தாப் போயிட்டா, உசிரு போன அன்னைக்கோட நின்னுரும். அதுக்கு அப்புறம் கழிக்க மாட்டாங்க."

வினோதினி எழுந்து கூடத்துக்குள் போனாள். மிச்சமிருந்த வரிசையைப் பறித்து முடித்தாள்.

அது நடந்து எத்தனையோ மாசம் ஆகிவிட்டது. கூலி நாளன்று கொட்டகையில் எப்போதும் ஒரே ஒப்பாரிதான். எதற்குக் கழித்தான், யாருக்குக் கழித்தான், விளங்குவானா என்று ஆளாளுக்குக் கம்பெனிக்காரனைச் சபிப்பார்கள். வினோதினி மட்டும் அன்றைக்குக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருப்பாள். கூலி விழுந்த ஒலி கேட்டதும் போனை எடுத்துக்கொண்டு ஓர் ஓரமாகப் போய்த் திறப்பாள். எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்க்க மாட்டாள். சங்கவி பெயருக்கு நேரே இன்னும் கழித்திருக்கிறதா என்று பார்ப்பாள்.

"என்னக்கா, ஒனக்காச்சும் முழுசா வந்திருக்கா?" என்று பக்கத்துப் பாயில் படுக்கிறவள் கேட்டாள்.

"இல்லடி, இந்த மாசமும் பாதியக் கழிச்சுட்டாங்க," என்று சொல்லிவிட்டு, அடுப்பைப் பற்றவைத்துச் சோறு பொங்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள் வினோதினி.